பள்ளி, கல்லூரி ரொம்காம் அனிமே: எதில் தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சண்டை, சாகச அனிமேக்களை நிறையப் பார்த்த ஒருவர், பள்ளி, கல்லூரியில் நடக்கும் காதல் நகைச்சுவைத் தொடர்களுக்கு, அதாவது ரொம்காம்களுக்கு, வர நினைக்கிறார். தொட்டுப் பார்த்த தொடர்களில் ஒன்று பாதிக் கதையோடு நின்றுவிட்டது. இன்னொன்றில் கடைசி எபிசோட் வரை யாரும் யாரிடமும் எதையும் சொல்லவே இல்லை. எதில் தொடங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது, கல்லூரிக் கதைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கிறார்.

ரொம்காம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலில் ரேட்டிங்கைத்தான் பார்க்கிறார்கள். அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொடரில் காதலைச் சொல்லும் இடம் எங்கே வருகிறது? ஜப்பானியப் பள்ளிக் கதைகளில் அதற்குத் தனி எடை. பழகப் பழகத் தானாக ஜோடியாகிவிட்டார்கள் என்று காட்டுவது அங்கே குறைவு. ஒருவர் எதிரே நின்று, "உன்னைப் பிடிச்சிருக்கு, என்னோட பழகுவியா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இதைக் கொகுஹாகு என்பார்கள். அது நடக்கும்வரை தினமும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக வீடு திரும்பினாலும் அவர்கள் நண்பர்கள்தான். நடந்த நிமிடத்திலிருந்து காதலர்கள். அதனால் மொத்தக் கதையும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே கட்டப்படுகிறது. சில தொடர்கள் அதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போகும். சில தொடக்கத்திலேயே சொல்ல வைத்துவிட்டு, பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கும். சில, சொல்லாமல் இருப்பதையே விளையாட்டாக்கும். உங்கள் பொறுமைக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

கடைசிவரை தள்ளிப்போகும் வகைக்கு என் தேர்வு டொராடோரா. 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை ஒளிபரப்பான 25 எபிசோட்கள். ஜே.சி. ஸ்டாஃப் ஸ்டுடியோவுக்காக நகாய் தட்சுயுகி இயக்கினார், ஒகாடா மாரி திரைக்கதையை வடிவமைத்தார், மூலம் தகேமியா யுயுகோ எழுதிய 10 லைட் நாவல்கள் (இளையோருக்கான, படங்கள் கலந்த எளிய நாவல்கள்). கதை தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். அப்பாவிடமிருந்து வந்த முரட்டுக் கண்களால் ரவுடி என்று பெயரெடுத்த ரியூஜி, சமையலும் வீட்டுச் சுத்தமும் தெரிந்த சாதுவான பையன். குள்ளமாக இருந்தாலும் எல்லோரையும் அடித்து மிரட்டும் தைகா, வகுப்பில் ஒருவனுக்கு எழுதிய காதல் கடிதத்தைத் தவறிப்போய் ரியூஜியின் பையில் போட்டுவிடுகிறாள். அன்றிரவே மரவாளோடு அவன் வீட்டுக்குள் புகுந்து, அந்த நினைவே போகும்படி அடித்துவிடப் பார்க்கிறாள். கடைசியில் பார்த்தால் கவர் காலி. கடிதத்தை உள்ளே வைக்கவே அவள் மறந்திருக்கிறாள். பசியில் மயங்கி விழுந்தவளுக்கு ரியூஜி ஃபிரைடு ரைஸ் கிளறிக் கொடுக்கிறான். அவளுக்குப் பிடித்தவன் இவன் நண்பன், இவனுக்குப் பிடித்தவள் அவள் தோழி, ஆகவே ஒருவருக்கொருவர் உதவுவது என்று ஒப்பந்தம். கோபம், பசி, சமையல், தவறிப்போன கடிதம் என்று இந்த இருவருக்கும் நடுவே இனி நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் விதை அந்த ஓர் எபிசோடிலேயே இருக்கிறது.

டொராடோராவை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் எட்டு, பத்து எபிசோட்களுக்குள் போய்விடுகிறார்கள். தைகா உதைப்பதும் கத்துவதும் அவர்களுக்கு அலுத்துப்போகிறது. அந்தக் காலத்து ரொம்காம்களில் பெண் பையனை அடிப்பது சாதாரண நகைச்சுவை. இன்று பார்க்கும்போது அது உறுத்துவது நியாயம்தான். ஆனாலும் 16-வது எபிசோட் வரை பொறுத்துப் பாருங்கள். அதுவரை சிரிப்புக்காகக் காட்டிய அதே கோபம், அங்கே மாணவர் மன்றத் தலைவியோடு நடக்கும் சண்டையில் வேறு முகம் காட்டுகிறது. 19-வது எபிசோட் கிறிஸ்துமஸ் இரவு. சாண்டா உடை மாட்டிய கரடி வேஷத்தில் ரியூஜி வருவதும், அதற்குப் பிறகு தைகா என்ன செய்கிறாள் என்பதும் இந்த வகையிலேயே மிகச் சிறந்த இருபது நிமிடங்களில் ஒன்று. அங்கிருந்து முடிவுவரை ஒரே மூச்சு. 25-வது எபிசோடின் கடைசி நிமிடங்களை ஓட்டிவிடாதீர்கள், முடிவு அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்திலேயே சொல்லிவிடும் வகைக்கு இரண்டு தொடர்கள். ஹொரிமியா, 2021 ஜனவரி, குளோவர்வொர்க்ஸ், 13 எபிசோட். பள்ளியில் எல்லோருக்கும் பிடித்தவளான ஹொரி, வீட்டில் மேக்கப் இல்லாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பப் பெண். வகுப்பில் மூலையில் உட்கார்ந்திருக்கும் மியாமுராவுக்கு வெளியில் காது நிறைய வளையங்கள், உடம்பில் பச்சை குத்தல். கோடையிலும் முழுக்கை சட்டை போட்டு அதை மறைத்துத் திரிகிறான். அடிபட்ட தம்பியை மியாமுரா வீட்டில் கொண்டுவந்து விடும்போது, இருவரும் மற்றவரின் வீட்டு முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். தொடரின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். காதலர்களான பிறகு இரண்டு பேர் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் மிச்சக் கதை.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மூலமான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) முதன்மைக் கதை 16 தொகுதிகள். வழக்கமாக 12 எபிசோட்களில் ஒரு ரொம்காம் மங்காவின் நான்கைந்து தொகுதிகள்தான் அடங்கும். ஹொரிமியாவோ 13 எபிசோட்களுக்குள் தொடக்கம் முதல் பட்டமளிப்பு வரை ஓடிவிடுகிறது. அதனால் துணைப் பாத்திரங்களின் கதைகள் நறுக்கென்று வந்து போகும், சிலர் யாரென்று தெரிவதற்குள் அவர்களுடைய பிரச்சினையே தீர்ந்திருக்கும். விட்டுப்போன அத்தியாயங்களை எடுத்து 2023 ஜூலையில் 'த மிஸ்ஸிங் பீசஸ்' என்று இன்னும் 13 எபிசோட்கள் வந்தன. இது இரண்டாம் சீசன் மாதிரித் தொடர்ச்சி கிடையாது, முதல் தொடரின் இடைவெளிகளை நிரப்புவது. கால வரிசைக்காக இரண்டையும் கலந்து பார்க்க முயல வேண்டாம். 2021 தொடரை முழுக்க முடித்துவிட்டு இதைத் துணுக்குக் கதைகளாகப் பார்த்தால் சரியாக இருக்கும்.

இன்னொன்று ட்சுகி கா கிரேய், 2017 ஏப்ரல், 12 எபிசோட். மங்காவோ நாவலோ இல்லாமல் அனிமேக்கென்றே எழுதிய கதை, ஆகவே பாதியில் நிற்குமோ என்ற கவலை இல்லை. சைதாமா மாகாணத்தின் கவாகோயே ஊரில், நடுநிலைப் பள்ளிக் கடைசி ஆண்டில் இருக்கும் கொதாரோ, அகானே என்ற இரண்டு கூச்ச சுபாவிகள். மூன்றாவது எபிசோடில் அவன் கேட்டுவிடுகிறான். அவளுக்கோ பதில் சொல்ல நேரில் வாய் வருவதில்லை. எல்லாமே போனில் லைன் செயலிச் செய்திகளாக நடக்கிறது. அடுத்து கியோத்தோ சுற்றுலாவில் ஆசிரியர் அவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறார். போன் இல்லாததால் இரண்டு பதினைந்து வயதுக்காரர்கள் ஓர் ஊரில் ஒருவரையொருவர் தேடித் தவிப்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய தொடர் வேறு இல்லை. நகைச்சுவை மென்மையானது. சத்தமில்லாத தொடர் என்பதால், அடுத்தடுத்து ஜோக் எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் இரண்டு எபிசோட் மெதுவாகத் தெரியும். கடைசி எபிசோடில் எண்ட் கிரெடிட்ஸ் ஓடும்போது திரையை விட்டு எழுந்துவிடாதீர்கள்.

மூன்றாவது வகையின் உச்சம் காகுயா-சாமா. ஷூச்சின் அகாடமி என்ற பணக்காரப் பள்ளியின் மாணவர் மன்றத் தலைவன் ஷிரோகானே, துணைத் தலைவி காகுயா. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. முதலில் சொல்பவர் தோற்றவர் என்ற எண்ணமும் இருவருக்கும் உண்டு. முதல் எபிசோடில் வருவது இரண்டு சினிமா டிக்கெட்டுகள். அதற்கு மற்றவர் வாயாலேயே அழைப்பு வர வேண்டும் என்று இரண்டு மூளைகளும் போர்த் தளபதிகள் மாதிரி கணக்குப் போடுகின்றன. பின்னணிக் குரல் ஒவ்வொரு நகர்வையும் போர்க்கள வர்ணனை மாதிரி ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறது. எதுவும் தெரியாத மன்றத் தோழி ஃபுஜிவாரா நடுவில் வந்து எதையோ சொல்லி மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடுகிறாள். ஒவ்வொரு துணுக்கின் முடிவிலும் இன்று வென்றது யார், தோற்றது யார் என்று அறிவிப்பு வரும்.

ஓர் எபிசோடில் இப்படிப் பெரும்பாலும் மூன்று துணுக்குகள். ஒரே நாளில் ஏழெட்டு எபிசோட் ஓட்டினால் அந்த அமைப்பு சலித்துவிடும். இரண்டு, மூன்றோடு நிறுத்துவது நல்லது. பார்க்கும் வரிசை: 2019 ஜனவரியில் வந்த முதல் சீசன் 12, 2020 ஏப்ரலில் வந்த இரண்டாம் சீசன் 12, 2022 ஏப்ரலில் வந்த 'அல்ட்ரா ரொமான்டிக்' 13, அதன் பிறகு 2022 டிசம்பரில் வந்த 'த ஃபர்ஸ்ட் கிஸ் தட் நெவர் எண்ட்ஸ்' படம். படத்தைத் தனிக் கதை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது மூன்றாம் சீசனின் கடைசிக் காட்சியிலிருந்தே நேராகத் தொடர்கிறது, அதைப் பார்க்காமல் கதை முடியாது. 2021-ல் வந்த ஓவிஏ-வில் (டிவியில் வராமல் டிஸ்க்கில் வெளியான தனி எபிசோட்) கவர்ச்சி நகைச்சுவைதான், விட்டுவிடலாம். முதல் சீசனில் ஜோக் இயந்திரமாகத் தெரிவது, அதன் இறுதியில் வரும் வாணவேடிக்கை இரவிலும், இரண்டாம் சீசனில் மன்ற உறுப்பினன் இஷிகாமியின் பழைய கதை வரும் விளையாட்டு விழா எபிசோடிலும் ஆழமாகிவிடுகிறது. விளையாட்டாகத் தொடங்கியதற்கு அடியில் பயம் இருப்பதை அந்த இடங்களில் காட்டுகிறார்கள்.

டகாகி-சான் தொடரும் சொல்லாமல் இருப்பவர்களின் கதைதான், அளவில் மட்டும் மிகச் சிறியது. ஒரு பையன், அவனைச் சீண்டிக்கொண்டே இருக்கும் பக்கத்து சீட் பெண். 2018, 2019, 2022 என்று மூன்று சீசன், கடைசியில் ஒரு படம். பத்து வயதுப் பிள்ளையோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அதே இயக்குநர் அகாகி ஹிரோவாகி செய்த 'த டேஞ்சர்ஸ் இன் மை ஹார்ட்' இன்னும் கனமானது. அதன் முதல் எபிசோடில் கதாநாயகன், வகுப்பின் அழகியைக் கொல்வதாகக் கற்பனை செய்துகொண்டு திரிகிறான். அங்கேயே பலர் மூடிவிடுகிறார்கள். அது பதின்மூன்று வயதுப் பையனின் வெறும் பாவனை என்பது நூலகத்தில் அவள் ஒளித்துத் தின்னும் தின்பண்டங்களை அவன் கவனிக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். மூன்று எபிசோட் கொடுங்கள். இரண்டாம் சீசன் முடிவில் அந்தப் பொறுமைக்கு முழுப் பலன் உண்டு.

இனி, தொடர்கள் ஏன் பாதியில் நிற்கின்றன என்பதற்கு வருவோம். ஜப்பானிய டிவி அனிமே ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு பருவங்களாகத் தொடங்கும். ஒரு பருவம் சுமார் மூன்று மாதம், 12 அல்லது 13 எபிசோட். பதிப்பகம், இசை நிறுவனம், டிவி நிலையம் போன்றவை சேர்ந்து தயாரிப்புக் குழுவாகப் பணம் போடுகின்றன. பதிப்பகத்துக்கு 12 எபிசோட் என்பது மூலப் புத்தகத்துக்கான பெரிய விளம்பரம்; கதையை முடித்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மங்கா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முடிக்கவும் முடியாது. எனவே தொடங்குவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: மூலம் முடிந்துவிட்டதா, அதில் எத்தனை தொகுதிகள். 30 தொகுதி மங்காவுக்கு 12 எபிசோட் என்றால் கதை எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கிமி நி தொதோகே இதற்கு நல்ல உதாரணம். 2009-ல் 25 எபிசோட், 2011-ல் 12 எபிசோட், மங்கா 2017-ல் 30 தொகுதிகளோடு முடிந்தது, அனிமேயின் மூன்றாம் சீசனோ 2024 ஆகஸ்டில்தான் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. முதல் சீசனில், பேய் மாதிரி இருக்கிறாள் என்று ஒதுக்கப்பட்ட சவாகோ தனக்கு இரண்டு தோழிகள் கிடைத்ததை நம்ப முடியாமல் அழும் எபிசோட்கள், காதல் காட்சிகளைவிட எனக்கு உயர்வாகத் தெரிகின்றன. இரண்டாம் சீசனின் முதல் பாதி முழுக்கத் தவறான புரிதல். அங்கே மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியப் பள்ளி ஆண்டு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் கதையின் அடுத்த திருப்பம் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உயர்நிலைப் பள்ளி மூன்றாண்டு. ஏப்ரலில் வகுப்பைக் கலைத்துப் புதிதாகச் சேர்ப்பார்கள். முக்கியப் பாத்திரங்கள் ஒரே வகுப்பில் வந்து விழுவது அதனால்தான். ஜூலைத் தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறை, யுகாதா என்ற மெல்லிய கோடைக் கிமோனோ அணிந்து போகும் திருவிழா, வாணவேடிக்கை. இலையுதிர்காலத்தில் விளையாட்டு விழாவும் கலைவிழாவும். கலைவிழாவுக்கு வகுப்புக்கு வகுப்பு காபிக் கடை, பேய் வீடு, நாடகம் என்று ஏதாவது ஒன்று போட வேண்டும். மாலை இருட்டும் வரை பள்ளியிலேயே தங்கி வேலை செய்ய நேர்வதால் எழுத்தாளர்களுக்கு அது பொன்னான வாரம். டிசம்பர் 24 இரவு அங்கே காதலர்களுக்கான இரவு, குடும்பத்துக்கான நாள் புத்தாண்டு. பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். உண்மையான ஆசையோடு தருவதும், மரியாதைக்காக வகுப்புக்கே தருவதும் வேறு வேறு; வாங்கியவன் எது என்று புரியாமல் விழிப்பதிலேயே ஓர் எபிசோட் ஓடிவிடும். மார்ச் 14 பதிலுக்குக் கொடுக்கும் நாள். பட்டமளிப்பில் பையனின் சீருடையில் மேலிருந்து இரண்டாவது பட்டனை ஒரு பெண் கேட்டு வாங்கினால், அது நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டன் என்பதால்தான்.

பெரும்பாலான கதைகள் இரண்டாம் ஆண்டில் நடப்பதற்கும் இதே நாட்காட்டிதான் காரணம். பள்ளிச் சுற்றுலா பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் வரும். மூன்றாம் ஆண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் போய்விடும், கிளப் வேலையும் அந்த ஆண்டுக் கோடையோடு நின்றுவிடும். கதாநாயகி மூன்றாம் ஆண்டு சீனியர் என்றால் மார்ச்சில் பிரிவு உண்டு என்று முதல் எபிசோடிலேயே எதிர்பார்க்கலாம். நிஜத்தில் இல்லாதவையும் உண்டு: மொட்டைமாடி பெரும்பாலான பள்ளிகளில் பூட்டியே கிடக்கும், அனிமேயில் காட்டும் அளவு அதிகாரம் மாணவர் மன்றத்துக்குக் கிடையாது.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் முக்கியமான விஷயம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. வகுப்புத் தோழர்கள் குடும்பப் பெயரோடு சான் அல்லது குன் என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். இயற்பெயருக்கு மாறுவது பெரிய படி. நம்மிடையே 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று 'நீ' என்று சொல்லும்போது எதிராளிக்கு உண்டாகும் அதே அதிர்ச்சிதான். ஹொரி, மியாமுரா இரண்டுமே குடும்பப் பெயர்கள். ஆகவே அவன் முதன்முறை 'கியோக்கோ' என்று கூப்பிடும் காட்சி முத்தக் காட்சிக்குச் சமம். ஆங்கில சப்டைட்டில்கள் பல சமயம் தொடக்கத்திலிருந்தே இயற்பெயரைப் போட்டுவிடுகின்றன, அப்போது அந்தக் காட்சி எதற்கு என்றே புரியாது. எழுத்தைப் படித்துக்கொண்டே காதையும் திறந்து வையுங்கள். கிரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்தில் சில தொடர்களுக்குத் தமிழ் டப் வருகிறது. நல்ல தமிழ் டப் என்றால் நீ, நீங்க வேறுபாட்டால் இதை ஆங்கிலத்தைவிட அழகாகக் கொண்டுவர முடியும். காகுயா மாதிரி பேச்சு வேகமாக ஓடும் தொடரில் மட்டும் சப்டைட்டில் வேகம் கஷ்டம். நிறுத்தி நிறுத்திப் படிக்கத் தயங்க வேண்டாம்.

கல்லூரிக் கதைகள் ஏன் குறைவு? முதல் காரணம் வாசகர் வயது. இந்தக் கதைகள் பிறக்கும் மங்கா இதழ்களிலும் லைட் நாவல்களிலும் பெரும்பகுதி பள்ளி வயதினரைக் குறிவைப்பவை. இரண்டாவது, பள்ளியில் முப்பது நாற்பது பேரை ஒரே அறையில் ஓர் ஆண்டு முழுக்க உட்கார வைக்கிறார்கள், யாரும் யாரையும் தவிர்க்க முடியாது. கல்லூரியில் அந்த அறை இல்லை. யாரையாவது பிடிக்கவில்லை என்றால் அந்த வகுப்பை எடுக்காமலே விட்டுவிடலாம். எழுத்தாளர் வேறொரு கூரையைத் தேட வேண்டியிருக்கிறது: சர்க்கிள் எனப்படும் கிளப், வாடகை வீடு, பகுதிநேர வேலை, ஆர்கெஸ்ட்ரா. மூன்றாவது தயாரிப்புச் சிக்கல். சீருடை என்றால் ஒரே உடையை வரைந்தால் போதும், ஒரே வகுப்பறைப் பின்னணியை எபிசோடுக்கு எபிசோட் பயன்படுத்தலாம். கல்லூரிப் பாத்திரத்துக்கு நாளுக்கொரு உடை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் வேண்டும்.

கல்லூரிக் கதைகளில் கடிகாரமும் வேறு. பள்ளிக் கதையில் எப்போது சொல்வான் என்று காத்திருக்கிறோம். கல்லூரிக் கதையில் படிப்பு முடிந்ததும் இவர்கள் என்னவாகப் போகிறார்கள் என்ற கேள்வி காதலோடு பின்னிக்கொண்டே வருகிறது. அதனால்தான் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் நல்லவை மிக நல்லவையாக இருக்கின்றன.

நோடாமே கான்டாபிலேயைத்தான் முதலில் சொல்வேன். நினோமியா தோமோகோவின் மங்கா. 2007-ல் 23 எபிசோட், 2008-ல் பாரிஸ் பகுதி 11, 2010-ல் இறுதிப் பகுதி 11. மொத்தம் 45, கதை முழுமையாக முடிகிறது. இசைக் கல்லூரி மாணவன் சியாக்கிக்கு ஆர்கெஸ்ட்ரா நடத்துநராக ஆசை, விமானம் ஏறப் பயம் என்பதால் ஐரோப்பா போக முடியாமல் ஜப்பானில் சிக்கிக் கிடக்கிறான். பக்கத்து ஃபிளாட் நோடாமேயின் அறை குப்பைக் கிடங்கு, ஆனால் அங்கே அவள் வாசிக்கும் பீத்தோவனின் 'பாத்தெத்தீக்' அவனை நிறுத்திவிடுகிறது. நோட்ஸைப் பார்க்காமல் கேட்டதை வைத்து இஷ்டத்துக்கு வாசிப்பவள் அவள், ஒரு சுரமும் பிசகாதவன் அவன். இருவரும் மோட்ஸார்ட்டின் இரு பியானோ சொனாட்டாவுக்கு ஒத்திகை பார்க்கும் பகுதி, காதல் என்ற சொல்லே வராத காதல் காட்சி. அவன் அவளுக்காக வளைகிறான், அவள் அவனைக் கவனித்துக் கேட்கக் கற்கிறாள், அது பியானோவிலேயே கேட்கிறது. நல்ல ஹெட்ஃபோனில் பாருங்கள். வயதான நடத்துநர் பெண்களைத் தொந்தரவு செய்யும் நகைச்சுவை பழசாகிவிட்டது, அதை நியாயப்படுத்த முடியாது.

ஹனி அண்ட் குளோவர் ஓவியக் கல்லூரியில் நடக்கிறது. 2005-ல் 24 எபிசோட், 2006-ல் 12. மூலம் உமினோ சிக்காவின் மங்கா. ஐந்து பேர், அத்தனை பேருடைய ஆசையும் திரும்பிப் பார்க்காத திசையில் போகிறது. ஓர் எபிசோடின் முதல் பாதி முழுக்க உருண்டு சிரிக்கலாம், கடைசி மூன்று நிமிடத்தில் தொண்டை அடைக்கும். என்ன ஆகப் போகிறோம் என்றே தெரியாத தகெமோதோ, ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே வடக்கே போய்க்கொண்டே இருக்கும் எபிசோட்கள் முதல் தொடரின் இதயம். எல்லோரும் ஜோடி சேர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது வேண்டாம்.

டொராடோரா எழுதிய தகேமியாவின் கல்லூரிக் கதை கோல்டன் டைம், 2013 அக்டோபர் முதல் 24 எபிசோட். சட்ட மாணவன் பான்ரி, அழகும் பிடிவாதமும் மிக்க கோகோ. தொடக்க எபிசோட்களைக் கல்லூரி முதல் மாத ஆவணம் என்றே சொல்லலாம்: ஏப்ரலில் புதிய மாணவர்களை மொய்த்துக்கொண்டு துண்டறிக்கை திணிக்கும் சர்க்கிள்கள், தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளும் மதக் குழுவின் முகாம், அதிலிருந்து தப்பித்து அவா ஒதோரி நடனம் ஆடும் திருவிழா ஆய்வுக் கழகத்தில் சேர்வது. ஜோடி பாதிக்கு முன்பே சேர்ந்துவிடும். சிக்கல் பான்ரியின் நினைவிழப்பு; பழைய பான்ரி ஆவி மாதிரி திரையில் நின்று பேசுவான். அந்த ஆவி பலருக்கு ஒட்டவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால், கோகோ இந்த வகையிலேயே நுட்பமாக எழுதப்பட்ட கதாநாயகிகளில் ஒருத்தி.

அண்மைக் காலத்தில் 2024 ஜனவரியில் வந்த 'எ சைன் ஆஃப் அஃபெக்‌ஷன்', 12 எபிசோட். காது கேளாத கல்லூரி மாணவி யுகி, பல மொழி பேசும் இட்சுவோமி. சைகை மொழியில் கைகளின் அசைவைக் கவனமாக வரைந்திருக்கிறார்கள். யுகி உதடுகளைப் படிப்பதால், பேசுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு எதுவும் கிடைக்காது; கேமரா எப்போது யார் முகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கிராண்ட் புளூவை ரொம்காம் பட்டியலில் போடுவது தவறு, அது டைவிங் சர்க்கிளில் நடக்கும் குடிக் கூத்து, காதல் ஓரத்தில்தான். ஜப்பானில் மது அருந்தும் வயது 20 என்பதையும் நினைவில் வையுங்கள். ரென்ட்-எ-கேர்ள்ஃபிரண்ட் கல்லூரியில் நடந்தாலும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், முதல் ரொம்காமாக வேண்டாம். பழையதில் ஆர்வம் இருந்தால் தகாஹாஷி ருமிகோவின் மைசோன் இக்கோகு, 1986 முதல் 1988 வரை 96 எபிசோட்கள். நுழைவுத் தேர்வில் தோற்ற கொதாய், விடுதியை நடத்தும் இளம் விதவை கியோக்கோ, இருவரும் ஆண்டுக்கணக்கில் வளர்வதை அவசரமே இல்லாமல் காட்டும் தொடர்.

ஒருவன், பல பெண்கள் என்று ஓடும் ஹாரெம் தொடர்களில் பலவற்றுக்கு அனிமேயில் விடை கிடையாது. விடை கிடைப்பது வேண்டும் என்றால் குவின்டசென்ஷியல் குவின்டப்லெட்ஸ்: இரண்டு சீசன், 2022-ல் வந்த படம், ஐந்து சகோதரிகளில் மணமகள் யார் என்பது படத்தில் தெரியும். அதைப் பார்த்து முடிக்கும்வரை இணையத்தில் அதன் பெயரைத் தேடாதீர்கள், தேடல் பெட்டியே விடையைச் சொல்லிவிடும்.

சண்டை அனிமேயிலிருந்து வருபவருக்கு நான் போடும் வரிசை இது. முதலில் காகுயா முதல் சீசன். போர்க்கள பாணி பழக்கமானதாக இருக்கும், ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். அதில் சிரிப்பு வராவிட்டால் மேலே போகாமல் நேராக ஹொரிமியாவுக்குப் போங்கள். அடுத்து ஏறக்குறைய பத்து மணி நேர டொராடோரா, நாளுக்கு இரண்டு எபிசோட், 16-லிருந்து இஷ்டம்போல. பிறகு ட்சுகி கா கிரேய். அதன் பின் நோடாமே. வீட்டில் சிறுவர்களோடு பார்ப்பதாக இருந்தால் டகாகி-சான், கிமி நி தொதோகே, நோட்டோ தீபகற்பத்துப் பக்கக் கிராமத்திலிருந்து தோக்கியோ பள்ளிக்கு வரும் மிட்சுமியின் கதையான 'ஸ்கிப் அண்ட் லோஃபர்' ஆகியவை பாதுகாப்பானவை. 'மை டிரெஸ்-அப் டார்லிங்' நல்ல தொடர்தான், ஆனால் கவர்ச்சிக் காட்சிகள் உண்டு.

அனிமே நின்ற இடத்திலிருந்து மங்காவுக்குப் போக விரும்பினால், நின்ற அத்தியாயத்திலிருந்து தொடங்காமல் ஒன்றிரண்டு தொகுதி முன்னாலிருந்து தொடங்குங்கள். அனிமேயில் அத்தியாயங்களை முன்பின் மாற்றுவார்கள், சிலதை அடியோடு விடுவார்கள். விட்டவற்றில் அறிமுகமான ஒருவர் பின்னால் முக்கியமாகி வருவது வழக்கம். காகுயாவின் 28 தொகுதிகளில் படத்தோடு முடிவது சுமார் பாதிக் கதைதான், மீதியைப் புத்தகத்தில் படிக்கலாம். ஹொரிமியாவையோ முதல் தொகுதியிலிருந்தே படிப்பது நல்லது; அனிமே வேகத்தில் முகம் காட்டிவிட்டுப் போன துணைப் பாத்திரங்கள் எல்லோருக்கும் அங்கே முழுக் கதை இருக்கிறது.